பீரோவுக்குள் இரண்டு லிட்டர் தண்ணீர்

ஐப்பசி முகூர்த்தத்துக்குக் கிளம்பவேண்டும் என்று பீரோவைத் திறக்கும்போதுதான் எல்லாம் கண்ணில் படும். பட்டுப்புடவையின் சரிகை கறுத்திருக்கும். போன வருஷம் ஒரே ஒரு தடவை கட்டிய வெள்ளை வேட்டியில் மடிப்பு ஓரமாக மஞ்சள் கோடு ஓடும். கொடைக்கானலுக்கு வாங்கிய ஸ்வெட்டரில் பயறு அளவுக்கு ஓட்டைகள். கூடவே, கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் மக்கல் வாடை.

இத்தனைக்கும் நாம் அலட்சியமாக இருந்ததில்லை. தட்டுக்குத் தட்டு அந்துருண்டை போட்டிருக்கிறோம். செருப்புப் பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து உள்ளே போட்டிருக்கிறோம். நல்ல புடவைக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை வாங்கியிருக்கிறோம். இவ்வளவு செய்தும் ஏன் இப்படி?

ஒவ்வொரு சேதத்துக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லிக்கொள்வது நம் வழக்கம். சரிகை போலி, சோப்பு மட்டம், துணி மட்டம் என்போம். ஆனால் நூலிழையின் வேதியியலைப் பார்த்தால் பெரும்பாலான சேதங்கள் இரண்டு பொருள்களில் வந்து முடிகின்றன: துணிக்குள் ஒளிந்திருக்கும் நீர், நம் உடம்பிலிருந்து துணிக்குப் போன எண்ணெயும் வியர்வையும். பீரோவுக்கென்று நாம் வாங்கும் பொருள்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் தொடுவதே இல்லை. சில பொருள்கள் நிலைமையை மோசமாக்குகின்றன. ஒன்று, வீட்டில் பிறக்கும் குழந்தைக்கே ஆபத்தாக முடியலாம்.

துணி குடித்துவைத்திருக்கும் நீர்

பருத்தி என்பது செல்லுலோஸ். அந்த மூலக்கூற்றுச் சங்கிலி நெடுகிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. காற்றில் திரியும் நீர் மூலக்கூறுகள் அவற்றைப் பற்றிக்கொள்கின்றன. பட்டும் கம்பளியும் புரதங்கள். நீர் பற்றிக்கொள்ள அவற்றில் இன்னும் அதிக இடம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது, 100 கிராம் உலர்ந்த பருத்தி சுமார் 8.5 கிராம் நீரைத் தன்னுள் வைத்திருக்கும். பட்டு 11 கிராம் வைத்திருக்கும். கம்பளி 16 கிராம் வரை போகும். பாலியஸ்டர் அரை கிராமைக்கூடத் தொடாது. நூலை எடை போட்டு வாங்கி விற்பவர்கள் இந்த நீரைக் கணக்கில் சேர்த்துத்தான் விலை பேசுகிறார்கள்.

இனி நம் பீரோவுக்கு வருவோம். ஆள் உயர இரும்பு பீரோவின் உட்புறம் ஏறக்குறைய ஒரு கன மீட்டர். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று, அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மழைக்கால ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் காற்றில் 24 கிராம் நீர் இருக்கும். இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைவு.

அதே பீரோவில் 20 கிலோ பருத்தித் துணி அடுக்கியிருக்கிறோம் என்போம். 65 சதவீத ஈரப்பதத்தில் அந்தத் துணி வைத்திருக்கும் நீர் 1.7 கிலோ. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டால் அது ஏறக்குறைய இரண்டு லிட்டர். கையால் தொட்டால் எல்லாம் காய்ந்த துணிதான். ஆனாலும் அடுக்குக்குள் இரண்டு லிட்டர் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் புரியும். மூடிய பீரோவுக்குள் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கும் என்பதைத் துணிதான் தீர்மானிக்கிறது. முக்கால்வாசி காய்ந்த ஒரு துண்டை உள்ளே வைத்தால், அது தன் ஈரத்தைப் பக்கத்தில் உள்ளவற்றுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்துவிடும். தண்ணீர் தெளித்துத் தேய்த்த சட்டையைச் சூடு ஆறுவதற்குள் அடுக்கினாலும் இதே கதைதான். தேய்த்த துணியை ஒரு மணி நேரமாவது கொடியில் ஆறவிட்டு அடுக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதில் அறிவியல் இருக்கிறது.

இரும்பு பீரோவுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதத்துடன் இருக்கும் காற்று, 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீராவி பனித்துளியாகப் படியத் தொடங்கும். இரவெல்லாம் ஏசி ஓடிய படுக்கையறையில் பீரோவின் தகடு 24 டிகிரிக்கு இறங்கியிருக்கும். காலையில் ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறக்கிறோம், வெளிக்காற்று நுழைகிறது, தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உருவாகிறது. அந்த நேரம் பார்த்து பீரோவையும் திறந்தால் உள்தகட்டிலும் அது படியும். குளியலறைச் சுவரை ஒட்டி நிற்கும் பீரோவில் பின்பக்கத் துணிகள் முதலில் மக்குவதற்கும் காரணம் ஈரமான, குளிர்ந்த சுவர்தான்.

பொட்டலம் செய்யாதது

சிலிக்கா ஜெல் அருமையான கண்டுபிடிப்பு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் பாட்ரிக் 1919-ல் இதைத் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மணி மணியாக இருக்கும் இதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். ஒரு கிராம் மணியின் உட்பரப்பை விரித்தால் பல நூறு சதுர மீட்டர் வரும். அந்தப் பரப்பில்தான் நீர் ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் எவ்வளவு நீர்? தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஐந்து கிராம் பொட்டலம் இரண்டு கிராம் நீரைக்கூடப் பிடிக்காது. 20 கிலோ துணியின் ஈரத்தை, துணி எடையில் வெறும் இரண்டு சதவீத அளவுக்குக் குறைக்கவேண்டுமென்றால் 400 கிராம் நீரை வெளியேற்றவேண்டும். அதற்கு இருநூறுக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் தேவை. அதுவும் அத்தனையும் புதிதாக இருந்தால்தான். செருப்புப் பெட்டியோடு பல மாதம் ஊர் சுற்றி வந்த பொட்டலம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். வெயிலில் வைத்து அதை மீட்க முடியாது. 120 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும்.

கால்சியம் குளோரைடு நிரப்பித் தொங்கவிடும் பைகள் இதைவிட வலுவானவை. தம் எடையைவிட அதிக நீரை இழுத்து, தாமே கரைசலாகிப் பையின் அடியில் தேங்கும். அந்தக் கரைசல் கசிந்தால் துணியும் தகடும் கெடும். தொங்கவிடுவதாக இருந்தால் அடியில் கிண்ணம் வைக்கவேண்டும்; பட்டுக்கு மேலே ஒருபோதும் தொங்கவிடக் கூடாது. சிறிய தகரப் பெட்டிக்கும் கேமராப் பைக்கும் சிலிக்கா ஜெல் போதும். பீரோவுக்கு அது ஆறுதல் மட்டுமே.

மக்கல் வாடை எங்கிருந்து வருகிறது

மழை நாளில் வீட்டுக்குள் காயப்போட்ட துணியில் வரும் புளித்த வாடைக்கு என்ன காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் தேடினார்கள். 2012-ல் அவர்கள் வெளியிட்ட முடிவில் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முதன்மைக் குற்றவாளியாக வந்தது. நம் வியர்வையையும் தோல் எண்ணெயையும் தின்று, கொழுப்பமில வகையைச் சேர்ந்த ஒரு நாற்றப்பொருளை அது வெளியிடுகிறது. துவைத்துக் காயவைத்தாலும் முழுதாகச் சாகாது. வெயிலின் புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கும். அதனால்தான் காய்ந்திருக்கும்போது வாடையில்லாத துண்டு, முகம் துடைத்த மறுகணமே நாறுகிறது. உறங்கிக்கிடந்த பாக்டீரியாவுக்கு நீர் கிடைத்துவிட்டது.

வாசனைத் திரவம் தெளித்தால் அந்த வாடை மறையும், பாக்டீரியா அப்படியே இருக்கும். பருத்தித் துண்டு, பனியன், படுக்கை விரிப்பு ஆகியவற்றை 60 டிகிரிக்கு மேல் சூடான நீரில் ஊறவைத்து அலசினால் அது அழியும். அதைவிட முக்கியம், சீக்கிரம் காயவைப்பது. மழைக்காலத்தில் கொடியில் துணிகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டு மின்விசிறியைப் போட்டால், நீர் வெளியேறும் வேகம் பாக்டீரியா பெருகும் வேகத்தை முந்திவிடும். பீரோவுக்குள் வரும் மண்வாடை பூஞ்சணத்தின் வேலை. ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் அது முளைக்கும். அழுக்குத் துணியும் கஞ்சி போட்ட துணியும் அதற்கு நல்ல தீனி.

வெள்ளை மஞ்சளாவது

கழுத்துப்பட்டியிலும் வேட்டி மடிப்பிலும் வரும் மஞ்சள், வைத்த நாளில் இருக்காது. மாதங்கள் கழித்தே தெரியும். தோலிலிருந்து வரும் எண்ணெயில் ஸ்குவாலீன் என்ற பொருளும் நிறைவுறாக் கொழுப்புகளும் இருக்கின்றன. புதிதாக இருக்கும்போது இவற்றுக்கு நிறமே இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல மெல்ல இவற்றைத் தாக்க, மஞ்சள் நிறச் சேர்மங்கள் பிறக்கின்றன. சூடு இந்த வினையை விரைவுபடுத்தும். "ஒரு தடவைதானே கட்டினோம், அழுக்கே இல்லையே" என்று துவைக்காமல் தேய்த்து மட்டும் வைத்த வேட்டி மஞ்சளாவது இப்படித்தான்.

இதற்கு நீலம் போடுவது கண்ணை ஏமாற்றும் வழி. நீலமும் மஞ்சளும் சேரும்போது வெண்மையாகத் தோன்றும். கறை அங்கேயே இருக்கும். பருத்தியாக இருந்தால் சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம் ஊறவைப்பது பலன் தரும். குளோரின் வகை பிளீச்சைப் பட்டுக்கும் கம்பளிக்கும் காட்டவே கூடாது. அது புரத இழையையே கரைத்துவிடும்.

மஞ்சளில் இன்னொரு வகை உண்டு. அது உடம்பிலிருந்து வருவதில்லை, உறையிலிருந்து வருகிறது. பாலிதீன் உறைகள் சீக்கிரம் நொறுங்காமல் இருக்க, பி.எச்.டி. என்ற ஃபீனால் வகைச் சேர்மத்தைச் சில தயாரிப்புகளில் கலக்கிறார்கள். அது மெல்ல ஆவியாகித் துணியில் படிகிறது. வண்டிப்புகையிலும் அடுப்புப்புகையிலும் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து மஞ்சள் நிறமாக மாறுகிறது. துவைக்காத புதுச் சட்டைகூட உறைக்குள்ளேயே மஞ்சளாவது இதனால்தான். இரண்டையும் வேறுபடுத்த எளிய வழி இருக்கிறது. மஞ்சளான பருத்தித் துணியைச் சில மணி நேரம் நல்ல வெயிலில் போட்டுப் பாருங்கள். உறை தந்த மஞ்சள் மங்கிப்போகும். உடம்பு எண்ணெய் தந்த மஞ்சள் அசையாது.

சரிகையின் ஓர் இழை

அம்மாவின் கூரைப்புடவையில் முந்தானை ஓரம் பிரிந்திருந்த ஒரு சரிகை இழையைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். நடுவில் சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூல். அதைச் சுற்றி, நாடாவாகத் தட்டிய மெல்லிய உலோகக் கம்பி நெருக்கமாகச் சுருண்டிருந்தது. அந்தக் கம்பி செம்பு கலந்த வெள்ளி. பொன் அதன் மேல் பூச்சாக மட்டுமே இருக்கிறது. மடிப்பு விழுந்த இடத்தில் சுருள் விலகி, உள்ளிருந்த சிவப்பு தெரிந்தது. அந்த விளிம்பில்தான் கறுப்பும் தொடங்கியிருந்தது.

பொன் கறுக்காது. ஆனால் பூச்சு மிக மெல்லியது. உரசலிலும் மடிப்பிலும் அது விலகிய இடத்தில் வெள்ளியும் செம்பும் காற்றுக்குத் திறந்துவிடுகின்றன. காற்றில் துளியளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலே போதும், வெள்ளி சல்பைடு என்ற கறுப்புப் படலம் உருவாகும். ஈரம் இருந்தால் இந்த வினை வேகமெடுக்கும். சாக்கடைக் காற்றில் மட்டுமே கந்தகம் வரும் என்று நினைக்கவேண்டாம். ரப்பரைக் கெட்டியாக்கக் கந்தகம் சேர்க்கிறார்கள். ஆகவே புடவையைச் சுற்றிப் போடும் ரப்பர் பேண்டே ஒரு கந்தகக் களஞ்சியம். கம்பளியின் புரதத்திலும் கந்தகம் உண்டு. சால்வையையும் சரிகைப் புடவையையும் ஒரே தட்டில் ஒட்டி அடுக்கக் கூடாது. வியர்வையின் உப்பும் உடம்பில் அடிக்கும் சென்ட்டும் அரிப்பைத் தூண்டும்.

பற்பசையும் புளியும் போட்டுத் தேய்த்தால் சரிகை அப்போதைக்குப் பளிச்சிடும். தேயும்போது மிச்சமிருந்த பொன்னும் போய்விடும். அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கறுக்கும். சரிகையைக் காக்க வழி, கறுக்கும் முன்பே காப்பதுதான். கட்டிவிட்டு வந்த புடவையை நிழலில் சில மணி நேரம் காற்றாட விடுங்கள். கஞ்சி இல்லாத, பலமுறை துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்தப் பருத்தி, வெளியே ஈரம் ஏறும்போது முதலில் தான் வாங்கிக்கொண்டு, ஏற்ற இறக்கத்தைப் பட்டுக்கு மெதுவாகவே கடத்தும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே கோட்டில் மடிந்து கிடந்தால் சரிகைக் கம்பியும் பட்டும் அந்தக் கோட்டிலேயே முறியும். கனமான சரிகைப் புடவையை மெல்லிய கம்பி ஹேங்கரில் தொங்கவிட்டால், மொத்த எடையும் ஒரே மடிப்பில் இறங்கும். கம்பி துருப்பிடித்தால் அதன் கறையும் சேரும்.

ஓட்டை போடுவது யார்

பீரோவைத் திறக்கும்போது பறக்கும் சிறிய பொன்னிற அந்து எதையும் தின்பதில்லை. வளர்ந்த அந்துப்பூச்சிக்குத் தின்னும் வாயே வேலை செய்யாது. ஓட்டை போடுவது அதன் புழு. கம்பளி, முடி, இறகு ஆகியவற்றின் கெரட்டினைச் செரிக்கும் அரிய திறன் அந்தப் புழுவின் குடலுக்கு உண்டு. அதுவும் சுத்தமான கம்பளி அதற்குப் போதாது. வியர்வையும் உணவுக்கறையும் பட்ட இடத்தையே அதிகம் நாடும். ஸ்வெட்டரின் கழுத்திலும் கைமடிப்பிலும் ஓட்டை அதிகம் விழுவது இதனால்தான். பட்டில் ஓட்டை போடுவது பெரும்பாலும் கம்பள வண்டின் மயிரடர்ந்த புழு. கஞ்சி போட்ட பருத்தியை அரிப்பது இராமபாணப் பூச்சி. மாவுச்சத்து அதற்கு விருப்ப உணவு, 75 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதம் விருப்பச் சூழல்.

ஆகவே நீண்ட நாள் வைக்கும் துணியைத் துவைத்து, கஞ்சி போடாமல், நன்கு உலர்த்தி வைத்தாலே இந்த மூன்றுக்கும் உணவு குறைந்துவிடும். கம்பளியில் புழு இருக்கும் என்று சந்தேகம் வந்தால் அருங்காட்சியகங்கள் செய்வதைச் செய்யலாம். பாலிதீனில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் அழியும். வெளியே எடுத்ததும் பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்கவேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த துணியின் மேல் நீர் படிந்துவிடும்.

அந்துருண்டை

இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். அந்துருண்டைகளில் பல, நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தலீனால் ஆனவை. திடநிலையிலிருந்து நேரே ஆவியாவது அதன் இயல்பு. அந்த ஆவி பூச்சியைக் கொல்லவேண்டுமென்றால், காற்றுப் புகாத பெட்டிக்குள் அது செறிவாகச் சேர்ந்து, நாள்கணக்கில் நிற்கவேண்டும். தினமும் நாலு தடவை திறந்து மூடும் பீரோவில் அந்தச் செறிவு எட்டுவதில்லை. புழு தப்பிக்கிறது, ஆவியைச் சுவாசிப்பது நாம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை நாப்தலீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாப்தலீன் அந்துருண்டைகள் 2008-லிருந்து தடை செய்யப்பட்டுள்ளன. வேறு சில உருண்டைகளில் பாரா டைகுளோரோபென்சீன் இருக்கும். அதுவும் அதே பட்டியலில் இருக்கிறது. இந்த இரண்டு வகையும் கலந்துவிட்டால் உருகித் திரவமாகித் துணியில் கறை படியும்.

பச்சிளங்குழந்தைக்கு ஆபத்து இன்னும் நேரடியானது. உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கிறது. இந்தக் குறைபாட்டுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளுக்கே பாதிப்பு அதிகம். அந்தக் குழந்தையின் உடலில் நாப்தலீன் புகுந்தால் சிவப்பணுக்கள் உடையும், கடும் இரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் வரும், உயிருக்கும் ஆபத்து. நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? மூத்த குழந்தையின் சட்டை, தூளித்துணி, போர்வை எல்லாவற்றையும் அந்துருண்டை போட்டுப் பத்திரப்படுத்துகிறோம். அடுத்த குழந்தை பிறந்ததும் எடுத்து உடுத்துகிறோம். நாப்தலீன் எண்ணெயில் நன்கு கரையும் என்பதால், எண்ணெய் தேய்த்த குழந்தையின் தோல் வழியே அது இன்னும் எளிதாக உள்ளே போகும். நீரில் அது கரைவது மிகக் குறைவு. ஒரு தடவை அலசினால் போய்விடாது. அந்துருண்டை வாடை வீசும் எந்தத் துணியும் பிறந்த குழந்தையின் மேல் படவே கூடாது.

மாற்றாக வேப்பிலையையும் வசம்பையும் வைப்பது நம் பழக்கம். வசம்பில் உள்ள அசரோன் சில பூச்சிகளை விரட்டும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவை அது ஒழிக்கும் என்று நம்பக் கூடாது. சிறு துணிப்பையில் கட்டி, பட்டைத் தொடாமல், குழந்தை கைக்கு எட்டாமல் ஓரமாக வைக்கலாம். பலமான காவல் சுத்தமும் உலர்வும்தான்.

எப்போது திறப்பது

பீரோவைக் காற்றாட விடவேண்டும் என்பது சரி. ஆனால் எல்லா நாளும் அதற்கு ஏற்ற நாளாகிவிடாது. அடைமழையின்போது கதவைத் திறந்துவைத்தால் வெளியீரத்தைத் துணிக்கு ஊட்டுகிறோம். மழை ஓய்ந்த தை, மாசியில், பனி விலகி வெயில் ஏறிய முற்பகலில், துணிகளை வெளியே எடுத்துப் போடுங்கள். பருத்திக்கு வெயில், பட்டுக்கு நிழல். புரட்டாசி பிறக்கும் முன் இன்னொரு தடவை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள். துணியைத் திணிக்காமல் அடுக்குங்கள். சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்தால், 65-ஐத் தாண்டும்போதெல்லாம் அது காட்டிக்கொடுக்கும்.

பீரோவுக்கென்று கடையில் எதை நீட்டினாலும் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள்: இது துணியிலிருந்து எத்தனை கிராம் நீரை வெளியே எடுக்கும்? உள்ளே போகும் அழுக்கைக் குறைக்குமா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்தக் காசில் ஒரு கொடிக்கயிறு வாங்கலாம். அந்துருண்டையை எடுத்துப்போட மட்டும் தை மாதம் வரை காத்திருக்கவேண்டாம். வீட்டில் ஒரு பெண் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கிறாள் என்றால் இன்றைக்கே செய்யவேண்டிய வேலை அது.